ஒரு கடி குறைந்த ரொட்டி

ஒரு மனிதர் திரும்பி வந்து தின்பதற்காக வைத்துவிட்டுப் போன ரொட்டியை, நான் ஆட்டிறைச்சிக் குழம்பில் தோய்த்துத் தின்றிருக்கிறேன். எங்கள் சமையலறைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் துணிப்பையோடு அது தொங்கியது. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. குழம்பு நன்றாக இருந்ததும் நினைவிருக்கிறது.

அவர் துர்க்மெனிஸ்தான்காரர். எங்கள் ஊரில் போர் முடிந்து இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிறகு, இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் எனக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவர். நான் அவரை 'அகா' என்பேன். அவர்கள் மொழியில் அண்ணன். அவர் என்னை 'அண்ணை' என்பார். யார் மூத்தவர் என்று விசாரிக்க இருவருக்கும் துணிவில்லை. கதைத்ததெல்லாம் சமையலறை ஜெர்மனில். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

ரொட்டி விஷயத்தில் அகாவோடு விளையாட முடியாது. கத்தி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு கையாலும் பிய்க்க வேண்டும். கவிழ்த்து வைப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை. அதனால் நான் வேண்டுமென்றே கவிழ்த்து வைப்பேன். ஒருநாள் நாற்பது ரொட்டி கவிழ்த்தேன். நாற்பதையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். கடைசி ரொட்டியை நிமிர்த்திய பிறகுதான் வாய் திறந்தார்.

"எங்கட ஆக்கள் கூடாரத்தோட மணலுக்குள்ள திரிஞ்ச சனம், அண்ணை. ஒரு பிடி மாவுக்கு எவ்வளவு தூரம் ஒட்டகத்தில போகவேணுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அதற்குப் பிறகு நான் கவிழ்க்கவில்லை.

மகளின் கல்யாணத்துக்காக ஊருக்குப் புறப்பட்ட அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார், தானே சுட்ட ரொட்டியோடு. ஓரத்தில் ஒரு கடி கடித்து, மிச்சத்தை என் மனைவியிடம் கொடுத்தார். பட்டாளத்துக்கோ தூரப் பயணத்துக்கோ போகிறவன் அப்படிக் கடித்து வைப்பானாம். வீட்டார் அதைச் சுவரில் தொங்கவிடுவார்களாம். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்பது அவன் கடமை.

"இங்க எனக்கு வீடெண்டு இருக்கிறது இதுதான். பனி கரைய வந்திடுவன்" என்றவர், வாசலில் நின்று கேட்டார்: "நீங்கள் எப்ப உங்கட ஊருக்கு?"

"வாற வருசம்" என்றேன். இருபது வருடமாக நான் சொல்லிவரும் பதில் அது.

மாசியில் ஒரு ஞாயிறு. கடைகள் பூட்டு. வீட்டில் பாண் ஒரு துண்டுகூட இல்லை, குழம்பு இருக்கிறது. கல்லாகக் காய்ந்த ரொட்டி குழம்பில் பஞ்சாகிவிடும் என்பது மட்டுமே அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. மனைவி வந்து வெறும் பையைப் பார்த்தாள்.

"அந்த மனுசன் வரவேண்டிய வழியையெல்லே திண்டிருக்கிறியள்!"

"நீர் குழம்பை இப்பிடி ருசியா வச்சால் நான் என்ன செய்யிறது?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பனி கரைந்தது. அகா வரவில்லை. தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. அவருடைய அடுப்பில் வேறொருவர் வந்து நின்றார். எதையும் நம்பாத நான், ஒரு விடுமுறை நாளில் மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டேன். அவர் கடித்த அதே அளவுக்கு நானே ஒரு கடி கடித்து ஆணியில் மாட்டினேன். அது இன்னும் தொங்குகிறது. பக்கத்தில் நாட்காட்டிகள்தான் மாறுகின்றன. ஹோட்டலுக்கு இப்போது ரொட்டி உறைந்துபோய்ப் பெட்டியில் வருகிறது. கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்துகிற ஆள் நான்தான்.

சில வருடம் கழித்து அகாவே அழைத்தார். பேரன் பிறந்திருந்தான். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வயிறு நோகச் சிரித்தார்.

"உங்கட வயித்துக்கு அவ்வளவு சக்தி இல்லை, அண்ணை. எனக்கு விசா தரேல்லை, அவ்வளவுதான்."

"பரவாயில்லை அகா. புதுசா ஒண்டு சுட்டு, நானே கடிச்சு மாட்டியிருக்கிறன். அது இருக்குமட்டும் நீங்கள் வருவியள்."

அவருடைய சிரிப்பு நின்றது.

"கடிச்சது நீங்களெண்டால், ஊருக்குப் போய்த் திரும்பி வரவேண்டியதும் நீங்கள்தான்."