போர்ட்டிக்சனில் எனக்குப் படகு லைசென்ஸ்

போன வருடம் நடுக்கடலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குத் திடீரென்று மயக்கம் வந்தது. படகைத் திருப்பத் தெரியாமல் நான் கத்திக்கொண்டிருந்தேன். வேறொரு படகுக்காரர்தான் எங்களைக் கரை சேர்த்தார்.

இன்று எனக்குப் படகு ஓட்டும் பரீட்சை.

அதிகாரி ஒரு மிதவையைக் கடலில் வீசினார். "ஆள் விழுந்துட்டாரு. தூக்குங்க."

மெதுவாகக் கிட்டே போய், எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூக்கினேன்.

"எஞ்சின ஏன் நிறுத்துனீங்க?"

"ஓடிக்கிட்டு இருந்தா அடியில உள்ள விசிறி அவர வெட்டிடும் சார்."

"பாஸ் லா, மேடம்."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கரையில் காத்திருந்த கணவர், "ஞாயித்துக்கிழம போலாமா?" என்றார்.

"லைஃப் ஜாக்கெட் போட்டா வாங்க. போன தடவ மாதிரி வேர்க்குதுன்னு சொன்னீங்கன்னா, லுக்குட் பசார்லயே மீன் வாங்கிக்கலாம்."

புக்கிட் பெலண்டோக் வீடு வரும்வரை அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் சொன்னது தப்பா?