அக்கா இரண்டு இடத்தில் கொடுத்த வாக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில் அக்கா வேலை செய்த வீட்டின் வாசலில் நின்றேன். கதவைத் திறந்தவர், அக்கா பராமரித்த மூதாட்டியின், நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைப்பவரின், மகன். அவருக்குப் பின்னால் சமையலறையும் அதற்கப்பால் பல்கனியும் தெரிந்தன. முதலில் கண்ணில் பட்டது பல்கனியில் கழுவிக் காயவைத்திருந்த ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. உள்ளே காற்றுப் போவதற்காக அக்கா நாடாக்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதன் பிறகுதான் தரையில் கிடந்த அக்காவைக் கண்டேன். அம்புலன்ஸில் வந்தவர்கள் தங்கள் பையை மூடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையிலிருந்து சிஞ்ஞோரா, கோப்பி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மாவுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மாவின் வலது பாதத்தில் வந்த புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அம்மா உயிரோடு இருந்தவரை அவரைத் தூக்கி இருத்தியதும் குளிப்பாட்டியதும் அக்காதான். ஒரு கொட்டிலிலிருந்து இன்னொரு கொட்டிலுக்கு ஓடும்போதும் அம்மாவைச் சுமந்தவர்களில் அவர் ஒருவர். அத்தான் போரின் கடைசி மாதங்களில் ஷெல் விழுந்து இறந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

போர் முடிந்து மூன்றாம் ஆண்டில் அக்கா பலெர்மோவுக்கு வந்தார். முதல் குளிர்காலம் நகரின் விளிம்பில் உள்ள சியாகுல்லித் தோட்டங்களில் மந்தாரின் பழம் பறித்தார். பிறகு லிபெர்த்தாவில் இந்தச் சிஞ்ஞோராவைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கினார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் அவருக்கு ஓய்வு. ஞாயிறுகளில் பஸ் ஏறிப் பிரான்காச்சோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவார்.

இங்கு வந்த இரண்டாம் ஆண்டில் பாதங்கள் விறைக்கத் தொடங்கின. வைத்தியர் சீனி வருத்தம் என்றார். என் மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அக்கா அழவில்லை. பஸ் தரிப்பிடத்தில் வைத்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“அம்மான்ரை கால் எனக்கு வரக்கூடாது, தம்பி. மற்றது எது வந்தாலும் பாப்பம்.”

அன்றிலிருந்து அவர் செய்தவை எல்லாம் அந்த ஒரு பயத்திலிருந்து வந்தவை.

சிஞ்ஞோராவின் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு முதியவரைப் பார்த்தவர் தென்னமெரிக்காவின் பெரு நாட்டைச் சேர்ந்த மார்த்தா அம்மையார். தன் நாட்டில் தாதியாக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டி வீட்டுவேலை செய்யும் பெருக்காரர், ஈக்குவடோர்க்காரர்களுக்காக வியாழன் பின்னேரங்களில் ஒரு தேவாலய மண்டபத்தில் அவரும் தோழிகளும் வகுப்பு நடத்தினார்கள். இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பார்கள். பூங்காவைச் சுற்றிக் கூட்டமாக நடப்பார்கள். திரும்பி வந்து தங்கள் ஊர்ப் பாட்டைப் போட்டு ஆடுவார்கள். ஒரு தட்டில் சோறு எவ்வளவு, மரக்கறி எவ்வளவு என்று வைத்துக் காட்டுவார்கள். மார்த்தா அம்மையார் அக்காவையும் கையோடு கூட்டிப் போனார். நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டு ‘அக்கா’ என்பதே பெயர் என்று நினைத்தவர், கடைசிவரை அப்படியே அழைத்தார்.

எங்கள் ஆட்களிடையே இதற்குக் கதை கிளம்பியது. வெள்ளைச் சப்பாத்தோடு கோயிலுக்கு வந்த அக்காவிடம், ஒலிம்பிக் எப்போது என்று கேட்டார்கள். சேர்ச்சுக்கு மாறிவிட்டதாகவும், ஸ்பானியப் பாட்டுக்கு ஆடுவதாகவும் சொன்னார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, “ஓம், ஆடத்தான் போறன். கால் இருக்கேக்கை ஆடவேணும்” என்றார். ஏன் போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. வருத்தக்காரி என்று தெரிந்தால் அடுத்த வேலைக்கு எவரும் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே காரணத்தால் தங்கள் சீனியை மறைத்து வைத்திருந்த மூன்று பெண்களை அவர் கண்டுபிடித்து, ஒவ்வொருவராக வகுப்புக்குக் கூட்டி வந்தார். அந்த மூவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் சொன்ன முதல் விதி, சீனியைக் குறைக்க வைத்தியர் தந்த குளிகையை ஒரு நாளும் விடக்கூடாது என்பது. அக்கா விடவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தினார். கலியாண வீட்டில் பலகாரத் தட்டை அடுத்தவரிடம் தள்ளினார். இருந்தும் ஒரு கோடையில் இடது பெருவிரலுக்குக் கீழே புண் வந்தது. மார்த்தா அம்மையார் வேலை முடிந்து மாடியிலிருந்து இறங்கி வந்து அதைக் கழுவிக் கட்டினார். அக்கா முருகனுக்கு நேர்ந்துகொண்டார்: கால் தப்பினால் கந்தசஷ்டி ஆறு நாளும் ஒருநேரப் பாலோடு இருப்பதாக. புரட்டாதி முடிவதற்குள் புண் ஆறியது.

வைத்தியர் அதைப் பார்த்து அதிசயப்பட்டார். வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா அந்த வாரமே புதுச் சப்பாத்து வாங்கினார். ஐப்பசியில் விரதம் தொடங்கினார்.

வகுப்பு நடத்தியவர்களுக்கு இப்படி ஒரு விரதம் இருப்பது தெரியாது. கோயிலில் அந்த மூன்று பெண்களைத் தவிர மற்றவர்களுக்குக் குளிகை தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டும் தெரியும். விரதத்தின் இரண்டாம் நாள் என் மனைவி தொலைபேசியில், “மச்சாள், குளிகை எடுக்கிறியளோ?” என்று கேட்டார்.

“ஓம், விடேல்லை. மார்த்தாவுக்கும் வாக்குக் குடுத்தனான், முருகனுக்கும் குடுத்தனான். ஒண்டையும் விடமாட்டன்.”

அந்தப் பதில் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அதில் பிழை ஏதும் இருப்பதாக வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.

விரதத்தின் நான்காம் நாளான வியாழன் பின்னேரம் அக்கா வகுப்புக்குப் போகாமல் கோயிலுக்குப் போனார். பூசை நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு வியர்த்தது. கை நடுங்கியது. சுவரோடு சாய்ந்து இருந்தார். விரதக் களை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஐயர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். ஒருவர் சீனி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். அக்கா கையால் தடுத்தார். அருகில் இருந்தவர், வகுப்புக்கு வரும் மூன்று பெண்களில் ஒருவர். அக்கா தன் காதோடு சொன்னதை அவர் செத்தவீட்டில் வைத்து எங்களிடம் சொன்னார்: “விரதத்துக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. பேசாமல் இரு.”

சற்று நேரத்தில் பால் குடித்து, தெளிந்து, தானே நடந்து பஸ் ஏறினார். இரவு சிஞ்ஞோராவைப் படுக்கவைத்தார். சப்பாத்தைக் கழுவினார். வெள்ளி விடியுமுன்பே எழுந்து குளிகையை எடுத்திருக்கிறார். அன்றைய குழி மருந்து அட்டையில் வெறுமையாக இருந்தது.

வைத்தியர் எங்களுக்கு விளக்கிய விதம் எளிமையானது. சாப்பாட்டை நிறுத்தினால் அந்தக் குளிகையையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் சீனி இறங்கிக்கொண்டே போகும். வியர்வையும் நடுக்கமும் அதற்கான அடையாளம். அந்த நேரத்தில் ஒரு கோப்பை சீனித் தேத்தண்ணி போதும். என் மகள் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். “அப்பா, மாமி எல்லாம் சரியாத்தானே செய்தவா?” என்று கேட்டாள்.

அக்காவின் இரண்டு கால்களும் முழுதாக இருந்தன. அவரைக் குளிப்பாட்டிய பெண்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அக்காவைத் தங்கள் வீட்டவராக நடத்திய சிஞ்ஞோராவின் குடும்பத்தினருக்கும், மருத்துவமனையிலும், கொஸ்தூரா எனும் பொலிஸ் தலைமையகத்திலும் எங்களுக்காக அலைந்து கடதாசி வேலைகளை முடித்துத் தந்த நண்பர்களுக்கும், செத்தவீட்டு நாள்களில் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த பிரான்காச்சோ அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், வட்டக்கச்சியில் விளக்கேற்றிய உறவினர்களுக்கும் நன்றி சொல்கிறோம். மார்த்தா அம்மையாருக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர் கொண்டுவந்த மலர்வளையத்தின் நாடாவில் ‘அக்கா’ என்று மட்டும் எழுதியிருந்தது. விரதம் என்றால் என்ன என்பதை அவர் அன்றுதான் என் மகளிடம் கேட்டு அறிந்தார். அடுத்த வியாழன் மண்டபச் சுவரில், நோன்பு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் எழுதி ஒட்டினார். தமிழில் என் மகள் எழுதிக் கொடுத்தாள்.

அக்காவின் திதி ஐப்பசி வளர்பிறைப் பஞ்சமி. ஆண்டுத் திவசமும் கந்தசஷ்டியின் ஐந்தாம் நாளிலேயே வருகிறது. அன்று மதியம் எங்கள் வீட்டில் நடக்கும் உணவுக்கு உறவினர், நண்பர் அனைவரையும் அழைத்திருக்கிறோம். விரதம் என்பதால் சாப்பிட இயலாது என்று சிலர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா வகுப்புக்குக் கூட்டிப்போன மூன்று பெண்களும் அவர்களில் அடங்குவர்.