கடலில் விழாத ரேடியோ

பாம்பனில் எங்கள் அய்யாவின் வீடு எது என்று கேட்டால் இன்றைக்கும் வயதானவர்களில் யாராவது ஒருவர் சிரிப்பார். "யாரு, ரேடியோவக் கடல்ல போட்ட தண்டலா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார். அய்யா ரேடியோவைக் கடலில் போடவில்லை. அதைக் கெடுத்தவள் நான். தம்பியும் கூட இருந்தான்; அவன் பல் விழுந்து முளைக்காத சின்னப் பயல், அவனை விட்டுவிடலாம். எனக்குப் பத்து வயது. தெருவில் யார் சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து நியாயம் பேசுகிற வாய் அப்போதே எனக்கு இருந்தது. வேண்டிய நேரத்தில் அந்த வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு முகம் சுருங்குகிறது.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யா தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய பாய்த்தோணி அது. தோணி பெரியபட்டினத்து முதலாளியுடையது. அதன் சுக்கான், ஆட்கள், சரக்கு எல்லாம் அய்யாவின் பொறுப்பு. எத்தனை காற்றடித்தாலும் ஒரு கருவாட்டுச் சிப்பம்கூட நனையாமல் கரை சேர்ப்பார் என்று அவருக்குப் பெயர். தண்டலுக்குப் படிப்பும் கிடையாது, பத்திரமும் கிடையாது. அவர் கையில் கொடுத்த பொருள் தப்பாது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒரு பயணத்தில் அவர் கொழும்பிலிருந்து ரேடியோ வாங்கி வந்தார். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வராத காலம்; பாட்டரியில் ஓடுகிற மரப்பெட்டி ரேடியோ. பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வாங்கியது. பழைய பாய்த்துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, படுக்கிற இடத்தில் அதை வைத்துவிட்டு, அவர் வழியெல்லாம் உட்கார்ந்தே வந்தாராம். ஒரு சொட்டுக் கடல்தண்ணீர் அதன்மேல் படவில்லை. பூவரச மரத்திலிருந்து கூரைக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, குமிழைத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் பாடினாள். அம்மா கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்து நின்றாள்.

அய்யா சிரிக்கிற ஆள் இல்லை. கரையில் இருக்கிற நாட்களில் சாயங்காலம் ரேடியோ முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்; பாட்டு பிடித்துவிட்டால் கால் கட்டைவிரல் மட்டும் ஆடும். நானும் தம்பியும் அந்த விரலைப் பார்த்துச் சிரிப்போம். குமிழை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் பக்கத்தில் புதிதாக எது வந்தாலும் மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்க வேண்டும். வள்ளம் கட்டினால் வள்ளத்துக்கு, வலை முடித்தால் வலைக்கு. சாமியார் லத்தீனில் ஏதோ வாசித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் அது கடலில் இறங்கும். ரேடியோவையும் மந்திரித்துவிடலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ரேடியோ என்ன கடலுக்கா போகப்போகிறது என்று அய்யா தட்டிக் கழித்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம். அய்யா தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கிற இடத்துக்குப் போயிருந்தார். அம்மா கருவாட்டுக் களத்தில் இருந்தாள். இதுதான் சமயம் என்று நான் குமிழைத் திருகினேன். பாட்டு வரவில்லை. கரகரவென்று ஒரு சத்தமும் நடுநடுவே ஊளை மாதிரி ஒரு விசிலும் வந்தது. தம்பி பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் பயம்தான், ஆனால் அக்கா அல்லவா, காட்டிக்கொள்ள முடியுமா? மந்திரிக்காத பொருளில் பேய் வந்து உட்கார்ந்துவிட்டது, இதோ நான் விரட்டுகிறேன் பார் என்றேன்.

அம்மாவின் வெள்ளைச் சீலையைத் தோளில் போர்த்திக்கொண்டேன். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளில் கோயிலிலிருந்து கொண்டு வந்த தீர்த்தம் ஒரு பாட்டில் நிறைய இருந்தது; அதை எடுத்துக்கொண்டேன். தம்பி கையில் ஒரு துண்டு மெழுகுவர்த்தியைக் கொடுத்து நிற்கவைத்தேன். சாமியார் மாதிரியே மூக்கால் முணுமுணுத்தபடி பெட்டியைச் சுற்றி வந்தேன். பொம்பளைப் பிள்ளைகள் பீடத்துப் பக்கமே போகக் கூடாத காலம் அது. எனக்கோ அந்த வேலைமேல் கொள்ளை ஆசை. பேய் பின்பக்கத்து ஓட்டைகளில்தான் இருக்கும் என்று அங்கே போய்ப் பாட்டிலை உதறினேன். தக்கையோரமாக இரண்டு சொட்டுத்தான் விழுந்தது. விசில் நிற்கவில்லை. ஓங்கி உதறினேன். தக்கை பறந்துவிட்டது. பாட்டில் முழுவதும் குடுகுடுவென்று உள்ளே இறங்கியது.

உள்ளே படீரென்று ஏதோ சொடுக்கியது. கருகல் வாடை வந்தது. அதோடு சத்தம் நின்றது. தம்பி பொக்கை வாயைக் காட்டிச் சிரித்து, "பேய் போயிருச்சுக்கா" என்றான்.

பாவாடையால் துடைத்தேன், பின்பக்கத்து அட்டையைக் கழற்றினேன், பெட்டியை இழுத்து வெயிலில் வைத்தேன். நனைந்ததை வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பதுதான் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த வைத்தியம். மீனிலிருந்து பாய்வரைக்கும் அப்படித்தானே செய்கிறோம். தண்ணீர் காய்ந்தது, அதில் இருந்த உப்பு காய்ந்து அங்கேயே தங்கிவிட்டது. தீர்த்தத்தில் சாமியார் உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார், எங்கள் கிணற்றுத் தண்ணீரோ முன்பே பாதி உவர்ப்பு. இதெல்லாம் எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. அட்டையை மாட்டிப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அய்யா கை கால் கழுவிவிட்டு வந்து குமிழைத் திருகினார். மறுபடியும் திருகினார். பாட்டரிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்னால் தம்பியே அக்கா மந்திரித்ததையும் பேய் போனதையும் பெருமையாகச் சொல்லிவிட்டான். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அய்யாவின் கை ஓங்கியது. அப்படியே இறங்கியது. குமிழை அணைக்கிற பக்கம் திருகி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தீர்த்தம் பட்டதும் வாயடச்சுப் போச்சுன்னா ஊரு என்ன சொல்லும்? பேய்ப்பெட்டிங்கும். பேயி குடியிருந்த வீடுங்கும். நான் பொம்பளப்புள்ள வச்சிருக்கேன். இது வெளிய மூச்சு விடக்கூடாது."

எங்களுக்கு விளங்கியது. தெருக்கோடியில் ஓர் அக்கா ஒரு பூசையில் தீர்த்தம் தெளித்தபோது கூச்சல் போட்டு மயங்கி விழுந்தார். பசி மயக்கமோ என்னவோ. அந்த வீட்டில் பேய் என்று பேச்சாகிவிட்டது. அதன் பிறகு அவரைப் பெண் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. அவர் நரைத்த தலையோடு வாசல் பெருக்குவதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுக்க ராமநாதபுரத்துக்கு ரயிலில் போனோம். பாட்டரியைத் தூக்கிக்கொள்ள என்னையும் அய்யா கூட்டிப் போனார். பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்து போனபோது பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். கெட்டுப்போன பெட்டியை என்னத்துக்கு அப்படிப் பிடித்திருக்கிறார் என்று எனக்கு அழுகை முட்டியது.

கடைக்காரர் திறந்து பார்த்தார். வால்வு எல்லாம் போய்விட்டது என்றார். கம்பிச்சுருளின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கடலில் விழுந்ததா என்று கேட்டார். எங்கள் ஊர் மீன் வியாபாரி ஒருவர் டார்ச் லைட்டுக்குப் பாட்டரிக் கட்டை வாங்க அங்கே வந்து நின்றிருந்தார். அய்யா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமா. என் கைதான் தவறிருச்சு" என்றார்.

வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? நாங்கள் ஊர் திரும்புவதற்குள் கதை வந்து சேர்ந்துவிட்டது. பயணத்தில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு, தோணியில் ஏற்றும்போது தண்டல் ரேடியோவைத் தண்ணீரில் விட்டாராம். மீனுக்குப் பாட்டுப் போட்டாராம். சங்கரா மீன் தாளம் தட்டியதாம். சின்னப் பையன்கள் அவர் பார்க்கிற மாதிரி தண்ணீருக்குள் காதை வைத்துத் தலையாட்டுவார்கள். நான் அவர்கள்மேல் மண்ணை வாரி இறைத்தேன், வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. முதலாளி ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், அய்யாவை அதுவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் காற்றைப் பற்றியும் சரக்கைப் பற்றியும் பேசினார். அம்மா என்னிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து அனுப்பினாள். நான் போய் நின்றபோதுதான் அவர் அதைக் கேட்டார்.

"ஊருல ஆயிரம் பேசுவாங்க தண்டல். நான் நம்பல. நீங்க உள்ளதச் சொல்லுங்க. உங்க கையிலருந்தா விழுந்துச்சு?"

அவர் நம்பவில்லை என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டார். இல்லை என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். இல்லை முதலாளி, நான்தான் தண்ணீரை ஊற்றினேன் என்று நான் சொன்னால் போதும். தீர்த்தம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், தண்ணீர் என்றால் போதும். இது பிற்பாடு பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது என்று சொன்னால் பொய். அப்போதே, செம்பைப் பிடித்து நிற்கும்போதே தோன்றியது. ஆனால் அடுத்து அடி விழுமே, ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்ற பயமும் கூடவே வந்தது. வெளியே மூச்சு விடக் கூடாது என்று அய்யாவே சொல்லியிருக்கிறாரே என்று அதற்கு ஒரு சாக்கும் கிடைத்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"தண்ணியக் குடுத்துட்டு உள்ள போ ஆத்தா" என்றார் அய்யா. பிறகு, "விழுந்துச்சு மொதலாளி. என் கைதான்" என்றார்.

முதலாளி செம்பை வாங்கினார், குடிக்கவில்லை. வருகிற பயணத்துக்கு வேறு ஆள் போகட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். சரக்கு ஏற்றி அனுப்புகிற வியாபாரிகள் கேட்கிறார்கள், தான் என்ன செய்வது என்று வாசலில் நின்று வருத்தப்பட்டார். அந்தப் பயணத்தோடு முடியவில்லை. சுக்கான் அய்யா கைக்குத் திரும்பி வரவே இல்லை. தன்னிடம் தொழில் பழகிய பையனுடைய வள்ளத்தில் கூலிக்கு வலை இழுக்கப் போனார். ரேடியோப் பெட்டியை அம்மா கழுவித் துடைத்து மாதா சுரூபத்துக்குப் பீடமாக வைத்தாள். சாயங்காலம் அய்யா அதன் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பார். நான் அவர் காலைப் பார்க்க மாட்டேன்.

எனக்குக் கல்யாண வயது வந்தது. தங்கச்சிமடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு அய்யா டிரங்குப் பெட்டியிலிருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். வலைக் கயிறு இழுத்து அவர் உள்ளங்கையெல்லாம் காய்த்துப் போயிருந்தது. அதை மடக்கியே வைத்திருந்தார். வந்தவர்கள் குடும்பத்தைப் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டார்கள் போல, முகத்தில் திருப்தி தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வீட்டப் பத்தி ஒரு குத்தம் யாரும் சொல்லல. ஒங்க அய்யா ரேடியோவக் கடல்ல போட்ட கதைய மட்டும் எல்லாரும் சொல்றாங்க. நீ எங்க வீட்டுல எதையும் போட்டுறாத தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்று நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது அய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.