அக்காவின் குரலும் ஒரு கர்னல் மாட்யூலும்

தொண்டை ஆபரேஷனில் அக்காவின் குரல் போய்விட்டது. உயிர் மிஞ்சியதே பெரிது என்றார்கள். பாட்டு டீச்சருக்கு எது உயிர் என்று அவர்களிடம் யார் கேட்பது?

ஆபரேஷனுக்கு முன்பே அவளை ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடவைத்துப் பதிந்திருந்தேன். கணினியோடு இணைத்த இசைக் கீபோர்டைத் தொட்டால் அவள் குரலே பாடும்படி ஒரு மென்பொருள் எழுதினேன். தொட்ட கணமே ஒலிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தாளம் போச்சு. அதற்காகவே, கணினியின் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கர்னலோடு ஒட்டிக்கொள்ள மாட்யூல் என்கிற குட்டி நிரல் ஒன்றும் எழுதினேன். அங்கேதான் வினை. கர்னல் புதிதாகும்போதெல்லாம் என் மாட்யூலை அதற்கு அடையாளம் தெரியாது. மறுபடி நான் உட்கார்ந்து ஒட்டவைக்க வேண்டும். உலகத்தில் அதைப் பயன்படுத்துபவள் அக்கா ஒருத்தி, பராமரிப்பவன் நான் ஒருத்தன். அப்டேட் மட்டும் பண்ணாதீர்கள் என்று அக்கா வீட்டுக்காரரிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பௌர்ணமியன்று மதியம் போனால், கணினி ஊமையாக இருக்கிறது.

"அப்டேட் பண்ணவானு தெனமும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு மச்சான். செல்போன்ல வர்ற மாதிரிதானேனு அமுக்கிட்டேன். பழசு எடம் ஜாஸ்தியா புடிக்குதுன்னுச்சு, அதையும் அழிச்சுட்டேன்" என்றார் மாமா.

பழைய கர்னல் இருந்திருந்தால் அதிலேயே கணினியைக் கிளப்பியிருப்பேன். இப்போது அதைத் திரும்ப இறக்குவதற்கு நெட் வேண்டும். கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் செல்போனில் சிக்னல் கோடு நிறைய காட்டும், ஒன்றும் வராது. பைக்கில் ஊரைத் தாண்டிவிடலாம் என்றால் தெருமுனையிலேயே போலீஸ் தடுப்பு. அண்ணாமலையார் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சாயங்காலம் வகுப்பு. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வேறு டீச்சரிடம் போய், மிஞ்சியது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திதான். அவள் அம்மாவும் அரைமனதாகத்தான் அன்றைக்கு அனுப்ப ஒத்துக்கொண்டிருந்தார். கர்னல் எங்கெங்கே மாறியிருக்கும் என்று ஊகித்து மாட்யூலைத் திருத்தினேன். ஏற்றியதும் கணினி உறைந்தது. அணைத்தேன், திருத்தினேன், மறுபடி உறைந்தது. அக்கா பக்கத்தில் காபி வைத்துவிட்டுப் போனாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்துவிட்டார்கள். அக்கா சுருதிப் பெட்டியைப் போட்டு, தொடையில் தாளம் தட்டினாள். பெண் கீதம் ஒன்றைப் பாடினாள். நடுவில் ஒரு ஸ்வரம் பிசகியது. திருத்துவதற்காக அக்கா வாயைத் திறந்தாள். பழக்கம். ஒன்றும் வரவில்லை. உடனே கை கீபோர்டுக்குப் போயிற்று. கட்டையை அழுத்தினாள். அதுவும் பாடவில்லை. பெண் நிறுத்திவிட்டு, சரியான ஸ்வரத்துக்காகக் காத்திருந்தாள்.

"பரவால்லிங்க டீச்சர். எல்லாம் சரியானதும் சொல்லி அனுப்புங்க" என்றார் அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

அவர்கள் படியிறங்கிப் போனபிறகும் அக்கா அந்த ஒரே கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாள்.