சித்தியின் பதினெட்டு மில்லிகிராம்

உலகத்தில் இதுவரை பிறந்தவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள், மன்னர்கள், கொள்ளைக்காரர்கள், என்னைக் கணக்கில் இரண்டு முறை கவிழ்த்த டீச்சர், எல்லாருமே என் சித்தியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பிறந்தாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் பரப்பி வைத்திருக்கிறேன். லிஃப்டில் இரண்டு பேர் அவளுக்கு வணக்கம்கூட வைக்கிறார்கள்.

நிஜம் கொஞ்சம் சின்னது. பெண் உயிரின் கருமுட்டை பாதி வளர்ந்ததும் தூங்கிவிடும். உடம்பில் ஊறும் ஒரு ஸ்டீரால், அதாவது கொலஸ்ட்ராலுக்குப் பங்காளி, அதை உசுப்பிவிடுவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்வதுதான் சித்தியின் வேலை. ஆட்டு ரோமத்து மெழுகிலிருந்து எடுத்த பொடியில் ஆரம்பித்து, காய்ச்சி, வடித்து, பதினொரு படி ஏறி இறங்கினால் மிஞ்சுவது அரை மிளகளவு. முட்டையை எழுப்புகிறவளுக்குத் தன்னை எழுப்ப மூன்று அலாரம் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே அன்றைய வேலையை முணுமுணுப்பாள். எதையாவது விட்டுவிட்டோமோ என்ற பயம்.

"எடை போட்டேன். நைட்ரஜன் விட்டேன். மூடினேன். காகிதம் சுத்தினேன். ஃப்ரீசர்ல வச்சேன்."

பாதியில் மூச்சு வாங்கும் அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டிக் கடுப்பேற்றுவது என் தொழில்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினெட்டு மில்லிகிராம் தேறுச்சுடி. ஏழு மாசம். நாளைக்குக் காலையில எலி முட்டையில போட்டுப் பார்க்கிறாங்க. எழுப்பலைன்னா திட்டத்தையே மூடிருவாங்க."

"முட்டைக்குப் பதிலா உன்னையே எழுப்பிப் பார்க்கச் சொல்லு சித்தி. அதுதான் கஷ்டமான பரீட்சை."

"போடி வாயாடி. எடை போட்டேன்... மூடினேன்... காகிதம் சுத்தினேன்... ஃப்ரீசர்ல..."

ஒரு கால் செருப்போடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

நைட்ரஜன் எங்கே?

வெட்டி வைத்த ஆப்பிள் கறுப்பதுபோல அந்தப் பொருளும் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். குப்பியிலிருக்கும் காற்றை நைட்ரஜன் விட்டு விரட்டினால்தான் பிழைக்கும். எழுப்பத்தான் கையைத் தொட்டேன். ரசாயனக் கரைப்பான் பட்டு விரலெல்லாம் வெடித்திருந்தது. சொன்னால் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். ஆய்வுக்கூடத்தில் கருவி அறையைப் பார்த்துக்கொள்கிறவர் ஏழு மணிவரை இருப்பார்.

"நான்தான்..." என்றேன், அவள் குரலில். "அந்தக் குப்பி... நைட்ரஜன் விட்டேனான்னு சந்தேகமா இருக்கு. கொஞ்சம் பாருங்கண்ணே."

"என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"களைப்புதான்."

பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "நைட்ரஜன் விட்டா மூடியில சிவப்புப் புள்ளி வைப்பியே, அது இல்ல. நானே விட்டு மூடிட்டேன். நீ படு."

"ரொம்ப நன்றிண்ணே."

பேசிய தடயத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டுப் படு நல்லவளாக வெளியே வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் சித்தி இரண்டு செருப்பையும் கழற்றினாள். முணுமுணுப்பு இல்லை.

"முப்பதுல இருபத்தொண்ணு முழிச்சுக்கிச்சு," என்று உட்கார்ந்தாள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாத முகம். "நேத்து நான் கருவி அறைக்குப் போன் பண்ணினேனாம்."

"தூக்கக் கலக்கத்துல பண்ணியிருப்ப."

"நன்றிண்ணேன்னு வேற சொன்னேனாம். பதினோரு வருஷமா அந்தாளை நான் 'யோவ்'னுதான் கூப்பிடுறேன். ஒரு நன்றி சொன்னதில்ல. அவர் இன்னிக்கு முழுக்க என்னைப் பேயைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"குரல் ரொம்பச் செத்துப் போயிருந்துச்சாம், பயந்துபோய் ஓடிப் பார்த்தாராம்." செருப்பை ஓரமாகத் தள்ளினாள். "ஏய், இங்க பாரு. நான் அப்படியாடி பேசுறேன்?"