மூதூர் லோஞ்சின் சுருதி

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கனடாவிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. றெஜி அண்ணை. "தங்கச்சி, அந்த மூதூர் லோஞ்சின்ர ஹோர்ன் என்ன சுருதியெண்டு ஞாபகமிருக்கே? என்ர பாட்டைத் திருப்பி ரெக்கோர்ட் பண்ணுறன். அது இல்லாமல் முடிக்க ஏலாது." அவ்வளவுதான். சுகம்கூட விசாரிக்கவில்லை மனுசன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குசினிக்கும் வாசலுக்குமாக நடந்ததில் சோறும் அடிப்பிடித்துவிட்டது.

அடிப்பிடித்த மணம் என்னை எப்போதும் அந்த ஒலிப்பதிவு அறைக்குத்தான் கொண்டுபோகும். மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகிற லோஞ்சு புறப்படும் இறங்குதுறைக்குப் பக்கத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. சத்தம் உள்ளே வராதிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். சத்தம் வந்தது, கீழே சோறு அடிப்பிடிக்கிற மணமும் சேர்ந்து வந்தது. நான் அங்கே பின்பாட்டுப் பாடப் போனவள். றெஜி அண்ணை மற்ற எல்லாவற்றுக்கும். கிற்றார், கீபோர்ட், ட்ரம்ஸ், எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். கலியாண வீட்டில் பைலா, திருவிழாவில் பக்திப் பாட்டு, கிண்ணியாக் கடைகளுக்கு விளம்பரப் பாட்டு. கசெட்டில் ஐந்து பேர் வாசிப்பதுபோலக் கேட்கும். ஐந்து பேரும் அவர்தான். அட்டையில் அவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டும்.

தானே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்றையும் வைத்திருந்தார், அக்கரைக்கு வாழப் போகிற ஒரு பெண்ணைப் பற்றி. மேடையில் தொடங்கினால், "தம்பி, படப்பாட்டுப் படியுங்கோ" என்று சத்தம் வரும். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வாசிக்க வேலை கிடைத்தபோது, போகமுன் அதைப் பதிந்துவிட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. லோஞ்சு ஊதினால் எல்லோரும் வாத்தியத்திலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பிறகு முதலிலிருந்து பாட்டு. அன்று அவருடைய பாட்டு முடிகிற இடமாகப் பார்த்து அது ஊதியது. அடுத்த தடவையும் அப்படியே. எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்தார்.

"அது எங்களுக்காக நிக்காது தங்கச்சி. நாங்கள்தான் அதோட சேரவேணும்."

கிற்றாரைத் திருகித் திருகி, அந்த ஹோர்னின் சுருதிக்கு இறக்கினார். அடுத்த லோஞ்சு புறப்படும் நேரம் பார்த்துத் தொடங்கினோம். கடைசி வரியில் ஊதியது. பழக்கதோஷம், நாங்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டோம். அவர் மட்டும் எடுக்கவில்லை. லோஞ்சும் அவருமாகப் பாட்டை முடித்தார்கள்.

பிறகு கொழும்பு, உல்லாசக் கப்பல், கனடா என்று எங்கெங்கோ போனார். எங்கேயும் பிறர் பாட்டுக்குத்தான் வாசித்தார். என்னிடமிருந்த கசெட் இடப்பெயர்வில் போயிற்று. அவருடையது பூஞ்சணம் பிடித்துவிட்டதாம்.

பின்னேரம் இருப்புக்கொள்ளாமல் இறங்குதுறைக்குப் போனேன். பாலங்கள் வந்தபிறகு லோஞ்சு நின்றுவிட்டது, மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான்காரரும் பஸ்ஸில்தான் வருகிறார்கள். ஊருக்குள் அலைகிற மான்களில் ஒன்று கடதாசி மென்றுகொண்டு நின்றது. வெட்கத்தை விட்டு, மூச்சை இழுத்து, அந்த ஹோர்னைப்போல ஒரே சுருதியில் கத்திப் பதிந்து அனுப்பினேன். மான் தலையை நிமிர்த்திப் பார்த்தது. சரியோ பிழையோ என்று போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தால் பதில் வந்தது.

"ஓம், அதேதான். கிற்றார் மடியிலதான் கிடந்தது. கேட்டவுடன கை தானா தந்தியை விட்டு எழும்பிட்டுது, தங்கச்சி."

அன்று கையை எடுக்காத ஒரே ஆள் அவர். நான் கடலைப் பார்த்தபடி நின்றேன். அங்கே புறப்படுவதற்கு ஒன்றும் இல்லை.