வடகரைக்கு இரண்டு வழி

ஆசிரியைப் பயிற்சி முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பிறகுதான் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. கொள்ளிடத்துக்கு வடகரையில், லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி. எங்கள் வீடு பாலக்கரையில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்தது. அப்பா உத்தரவை இரண்டு முறை படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஸ்ரீரங்கம் வரைக்கும் பஸ்ஸு. அப்புறம் பரிசல். அப்புறம் வரப்பு மேல ரெண்டு மைல் நடை. ஒரு பொம்பளப் பிள்ளை தினம் போயிட்டு வர்ற வழியா இது?”

“நீங்க போய்ப் பாத்தீங்களாப்பா?”

“போய் வேற பாக்கணுமா? கேட்டாலே தெரியலை?”

வர இயலாது என்று வெள்ளிக்கிழமை தானே பதில் எழுதிவிடுவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா ரசம் ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று அவரைக் கேட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அப்பா ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் அம்மா அடுப்பை அணைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“கிளம்பு. அந்த வழி எப்படித்தான் இருக்குன்னு பாத்துட்டு வருவோம்” என்றாள்.

அப்பா இல்லாமல் அம்மா பஸ் ஏறியதே இல்லை. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. டவுன் பஸ் வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். “எங்கம்மா போகணும்?” என்று கண்டக்டர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள், “ஸ்ரீரங்கம். ரெண்டு டிக்கெட்” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாலத்தில் பஸ் ஏறியபோது காவிரி செம்மண் நிறத்தில் இரு கரையும் நிறைந்து ஓடியது. ஐப்பசி மாதம். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

ஸ்ரீரங்கம் கோயிலின் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் இறங்கி வழி விசாரித்தோம். வாசலில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மாமி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அம்மாவின் கழுத்துச் சிலுவையில் அவர் கண் ஒரு கணம் நின்றது. “வடக்குச் சித்திர வீதியைத் தாண்டி நேரே போங்கோ, கொள்ளிடம் வந்துடும். ஆத்துல பிரவாகமா இருக்கு. ரெண்டு பேரும் தனியாவா போறேள்?” என்றார்.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு அம்மா வேகமாக நடந்தாள்.

கொள்ளிடக் கரையில் பரிசல் புறப்படத் தயாராக நின்றது. நாலைந்து பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பரிசல்காரர் எங்களைப் பார்த்ததும் துடுப்பைக் குறுக்கே நீட்டினார்.

“டவுன்காரங்களாம்மா? தண்ணி ஓட்டமா இருக்கு. ஆம்பளை துணை இல்லாம பொம்பளைங்களை ஏத்த மாட்டேன்.”

எனக்கு முகம் எரிந்தது. அப்பா சொன்னது இதுதானா என்று ஒரு கணம் மனம் தளர்ந்தது. அம்மாதான் கேட்டாள்: “ஆம்பளை வந்தா ஆத்துல ஓட்டம் கொறஞ்சிடுமாங்க?”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் பரிசல்காரரைப் பார்த்துக் கத்தினாள்: “ஏன், நான் தெனம் காய் வித்துட்டு ஒண்டியாத்தானே போறேன்? என்னிக்காச்சும் எங்க வூட்டு ஆம்பளை எங்கன்னு கேட்டியா?”

“நீ இந்த ஆத்துல பொறந்தவ. அவங்க அப்படியா?”

“அவங்களுக்கும் ரெண்டு காலுதான் இருக்கு. ஏறச் சொல்லு.”

அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் எங்கள் தெருவில் தினமும் கூடையோடு வருவார்கள். அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆபத்து என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்டதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டுந்தானா என்ற கேள்வி எனக்கு அங்கேதான் எழுந்தது.

பரிசல்காரர் துடுப்பை எடுத்தார். ஏறினோம். நடு ஆற்றில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. தண்ணீர் உள்ளே தெறித்து நீலச் சேலையின் கரை நனைந்தது. அம்மா கண்ணை இறுக்க மூடியிருந்தாள். முந்தானைக்குள் அவள் விரல்கள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தன. “திரும்பிடலாமாம்மா?” என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, “வாயை மூடிக்கிட்டு வா” என்றாள்.

வரப்பில் இரண்டு மைல் என்று அப்பா சொன்னது சரிதான். சேறு. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு இடத்தில் வழுக்கினாள், ஒரு இடத்தில் நான் விழுந்தே விட்டேன். முழங்கால்வரை சேற்றோடு ஓட்டுக் கட்டடம் ஒன்றின் முன்னால் போய் நின்றோம். அதுதான் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் வெளியே வந்தார். வயதானவர். யார் என்று சொன்னதும் அவர் பார்வை எங்களைத் தாண்டி வரப்புப் பக்கம் போனது.

“ஐயா வரலீங்களா?”

“வேலைக்கு வரப்போறது அவரு இல்லீங்க” என்றாள் அம்மா.

அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு உள்ளே அழைத்தார். எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள் வந்து, ஒரு வாரத்திலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். “நீங்களும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேம்மா. பொம்பளை வாத்தியார் இல்லைன்னு இங்க பாதிப் பொட்டப் பிள்ளைங்களை அனுப்ப மாட்டேங்கறாங்க” என்றார்.

கிளம்பும்போது அம்மா அவரிடம் கேட்டாள்: “ஆத்துல வெள்ளம் வந்து பரிசல் நின்னுட்டா எப்படி வர்றது?”

லால்குடிக்குப் பஸ் உண்டு, அங்கிருந்து ரயிலில் திருச்சி போய்விடலாம், சுற்று வழிதான் என்றார் அவர். “அப்ப அதையும் பாத்துடுவோம்” என்றாள் அம்மா. எனக்குக் காலெல்லாம் வலி என்றேன். அவள் கேட்கவில்லை.

லால்குடியில் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொள்ளிடம் பாலத்தில் ரயில் தடதடத்தபோது இந்தத் தடவை தலையை நன்றாக வெளியே நீட்டிப் பார்த்தாள். ஸ்ரீரங்கம் தாண்டிக் காவிரிப் பாலத்திலும் பார்த்தாள். “மேலேருந்து பாத்தா ஒண்ணுமே இல்லை” என்றாள்.

டவுன் ஸ்டேஷனில் இறங்கியதும் அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் எதிரே வந்தார். சேற்றுக் கால்களையும் கையில் செருப்பையும் பார்த்து அரண்டுபோனார். “என்னங்க இது, அவரு இல்லாம?”

“அவரைப் பாத்தா சொல்லுங்க, ரயில்ல வந்து இறங்குனாங்கன்னு” என்றாள் அம்மா.

வீட்டுக்குப் போனபோது அப்பா வந்திருந்தார். பூட்டிய வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். அம்மா கதவைத் திறந்து, காலைக் கழுவிக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் போன வழி முழுக்கச் சொன்னாள். பரிசல் சுற்றியதையும் சொன்னாள்.

“பாத்தவங்க நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்று அப்பா கத்தினார்.

“பரிசல்ல நாலு பேரு இருந்தாங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை.” பிறகு கையை நீட்டினாள். “அந்த உத்தரவைக் குடுங்க.”

அப்பா கொடுக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அம்மா அந்தப் பையில் கைவிட்டு எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். கிறிஸ்துமஸ் வரை அப்பா என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும், போய் வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பள்ளியில் ஆறு வருடம் இருந்தேன். மழையில் நனைந்தேன், இரண்டு முறை காய்ச்சலில் படுத்தேன், கோடையில் சுடுமணலில் ஆற்றை நடந்தே கடந்தேன். லேசான வழி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். போக முடியாத வழி என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

நான் வேலையில் சேர்ந்த அடுத்த மாதம் அம்மா காட்டூரில் இருந்த தன் தங்கையைப் பார்க்கத் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். போவதற்கு முன் அப்பாவிடம் கேட்கவில்லை. திரும்பி வந்து, தங்கச்சி நல்லா இருக்கா என்று மட்டும் சொன்னாள்.